ஆற்றலுக்கேற்ற தவம்

(தசலட்சணப் பெருவிழாவின் நிறைவில், க்ஷமாவாணி நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்நாளில் பேசுமாறு என்னைப் பணித்தபோது, ஏலாதியைப் பற்றியோ சீவக சிந்தாமணியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றியவளிடம் அவ்வாறு எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், மன்னிப்பு வேண்டும் நாளாகிய இன்று, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டுவதே பொருந்தும் என்று கருதினேன். அப்பிழை என் உயிரோடு தொடர்புடையது. உங்கள் இல்லங்களிலும் அது நிகழக்கூடும் என்பதனாலேயே இந்த மேடையில் சொல்லத் துணிந்தேன்.

எனக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றியது. இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் அடைப்புத் தொடங்கியிருப்பதாகவும், இப்போதைக்கு மருந்தே போதும் என்றும் மருத்துவர் சொன்னார். மூன்று மாத்திரைகள் தந்தார். நாடித் துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் தணிக்கும் மெட்டோபுரொலால் காலையும் இரவும். குருதி உறையாதிருக்க ஆஸ்பிரின். கொழுப்பைக் குறைக்க அட்டார்வாஸ்டாட்டின். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக உட்கொண்டேன். நெஞ்சு இறுக்கம் மறைந்தது. நோயும் மறைந்துவிட்டதாக நான் எண்ணிக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தசலட்சணம் வந்தது. பத்து நாளும் ஏகாசனம் இருப்பதென்று உறுதி பூண்டேன். நண்பகலில் ஒருமுறை உண்பது, அப்போதே நீரும் அருந்திவிடுவது, பின்னர் மறுநாள் நண்பகல் வரை ஒன்றும் வாயில் படாதிருப்பது. இங்குள்ள பலரும் மேற்கொள்ளும் நோன்புதான். ஆனால் என் மாத்திரைகள் காலையிலும் இரவிலும் அல்லவா? மாத்திரையை விழுங்க நீர் வேண்டும். நீர் அருந்தினால் நோன்பு கெடும். ‘பத்து நாள்தானே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மூன்று மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார் என்று அஞ்சினேன். கணவரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டைகளை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

முதல் நாள் உத்தம க்ஷமா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மார்தவம்; சற்றே தலைவலி. பட்டினியால் வந்தது என்று எண்ணினேன். மூன்றாம் நாள் ஆர்ஜவம். அன்று மாலை ஜினாலயத்தில் சொற்பொழிவு என்னுடையது. மனம், சொல், செயல் மூன்றும் நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பேசும்போதே கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, இதயம் காதுக்குள் அடிப்பதுபோல் கேட்டது. இல்லத்தில் மாத்திரையை மறைத்து வைத்துவிட்டு அவையில் ஆர்ஜவம் பேசியவள் நான். இதை இன்று சொல்லும்போதும் எனக்கு நாணமாக இருக்கிறது.

அன்றிரவு உறங்கவில்லை. படுத்தால் படபடப்பு, எழுந்து அமர்ந்தால் அச்சம். நாலாம் நாள் காலை அபிஷேகத்தின்போது நெஞ்சின் நடுவே ஒரு கல்லை வைத்தாற்போல் வலி எழுந்து இடத் தோளுக்குப் பரவியது. தூணைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டேன். என் மருமகள்தான் ஓடி வந்தாள். ‘அத்தை, மாத்திரை போட்டீங்களா?’ என்பதே அவள் கேட்ட முதற்கேள்வி. அப்போதும் உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. அவள் மறுமுறை கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

மருத்துவமனையில் நாடி நூற்று இருபத்து நான்கு. குருதி அழுத்தம் 190/110. வழக்கமாக என் நாடி அறுபதைச் சுற்றியே இருக்கும். இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத் தசை சிதைந்துள்ளதா என்று காட்டும் ட்ரோபோனின் சோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தார்கள். நல்வினைப் பயனாக மாரடைப்பு நேரவில்லை. அதன் வாயில்வரை சென்று திரும்பியிருந்தேன். மாத்திரைகளை மீண்டும் தொடங்கி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

மருத்துவர் என் மகன் வயதினர். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: ‘அம்மா, நீங்கள் நோன்பு இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் சொல்லாமல் மாத்திரையை விட்டதுதான் வருத்தம். முன்பே சொல்லியிருந்தால் நாளுக்கு ஒருமுறை உணவோடு விழுங்கும்படி மாற்றிக் கொடுத்திருப்பேனே.’

நான் அஞ்சிக் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவ்வளவு எளிய விடை இருந்தது.

மாத்திரையை நிறுத்தினால் பழைய நோய் மெல்லத் திரும்பும் என்றே நான் எண்ணியிருந்தேன். நோய் முன்பிருந்ததைவிடக் கடுமையாக, மூன்றே நாளில் ஏன் எழுந்தது? இதை மருத்துவரிடம் கேட்டறிந்தேன். நம் உடலில் அட்ரினலின் என்னும் பொருள் சுரந்து இதயத்தை விரைந்து துடிக்கத் தூண்டுகிறது. அது இதயத்துக்குள் செயல்படச் சில வாயில்கள் உண்டு. மெட்டோபுரொலால் போன்ற மருந்துகள் அவ்வாயில்களை அடைத்து நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருப்பதால் இதயம் புதிய வாயில்களை உண்டாக்கிக்கொள்கிறது. மருந்தை ஒரே நாளில் விலக்கினால் பழைய வாயில்களும் புதிய வாயில்களும் ஒருங்கே திறந்துவிடுகின்றன. அதே அளவு அட்ரினலின் இப்போது முன்னிலும் மிகுதியாக வேலை செய்கிறது. இருண்ட கருவறையில் நெடுநேரம் நின்றுவிட்டு உச்சிவெயிலில் வெளியே வந்தால் கண் கூசுவது போன்றது இது. வெயில் கூடவில்லை, கண் இருளுக்குப் பழகியிருந்தது. சற்றே நிழலில் நின்று பின் வெளியே வந்தால் கூசாது. அதுபோல மருந்தையும் படிப்படியாகக் குறைத்தால் இதயம் பழகிக்கொள்கிறது.

இவ்வகை மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞருக்கு 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1960களில் அவர் கண்ட புரோப்ரனலால் நெஞ்சு வலியால் வருந்திய எண்ணற்றோருக்கு வாழ்வளித்தது. அதைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பும் என்பதை 1975ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தனர். என் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலும் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. ஆயிரம் விடைத்தாள்களை எழுத்தெண்ணித் திருத்தியவள், அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

உங்கள் இல்லத்து மாத்திரை அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். பெயர் ‘லால்’ என்று முடிகிறதா? மெட்டோபுரொலால், அட்டெனலால், பைசோபுரொலால், நெபிவலால், புரோப்ரனலால் எல்லாம் இவ்வினத்தவை. இவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. குருதி அழுத்தத்துக்குத் தரும் குளோனிடின் இன்னும் விரைவானது. நிறுத்திய ஓரிரு நாளிலேயே அழுத்தம் சீறி எழும். ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்கள் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் இடையில் விட்டால், அந்த ஸ்டென்டிலேயே குருதி உறைந்து மாரடைப்பு வரலாம். அதற்கு முன்னறிவிப்பும் இராது. நீர் பிரியத் தரும் மாத்திரையை விட்டால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். நீரே அருந்தாத நாளில் அதே மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினால் உடல் வறண்டு தலை சுற்றி விழவும் நேரும். எனவே நோன்பு நாளில் விடுவதும் தவறாகலாம், விடாததும் தவறாகலாம்; கேட்காமலிருப்பதே இரண்டிலும் பொதுவான தவறு. கொழுப்பு மாத்திரையை விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. தெரியாததனால்தான் பலர் அதை ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள்.

நீரிழிவும் உடையவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை ‘லால்’ மாத்திரைகள் மறைத்துவிடும். வியர்வை எஞ்சி நிற்கும் முக்கிய அடையாளம். நோன்பு நாளில் காரணமின்றி வியர்த்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னும் நான் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. அந்த ஆறு வாரங்களைக் கடந்த விதத்தைச் சொல்கிறேன். இதே நிலையில் இருப்பவர்க்குப் பயன்படலாம்.

முதலில் உறக்கமின்மை. இரவில் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டே கிடந்தேன். பாதி நோய், பாதி அச்சம். எது நோய், எது அச்சம் என்று பிரித்தறிய ஒரு குறிப்பேடு உதவியது. காலை, மாலை இருவேளையும் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் நாடியையும் குருதி அழுத்தத்தையும் அளந்து எழுதினேன். அதற்குமேல் அளப்பதில்லை என்று ஒரு வரையறை வைத்தேன். அடிக்கடி அளந்தால் அளப்பதே படபடப்பைக் கூட்டும். பத்து நாளில் எண்கள் இறங்கி வருவதைக் கண்ணால் கண்டபோது மனம் அடங்கியது. நான் உணர்ந்ததைவிட என் இதயம் அமைதியாகவே இருந்திருக்கிறது.

அடுத்து, மாத்திரையை மீண்டும் தொடங்கியதால் வந்த சோர்வு. கைகால் கனத்தன, படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுழன்றது. எழுமுன் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்திருப்பேன். காப்பியைக் காலையில் ஒன்றாகக் குறைத்தேன். தண்ணீர்க் குடம் தூக்குவது, மாடி ஏறுவது, வெயிலில் நடப்பது ஆகியவற்றை மருத்துவர் சொன்ன நாள்வரை தள்ளிவைத்தேன். அவ்வாண்டு பொன்னூர் மலைக்குச் சென்றபோது, குந்தகுந்தர் திருவடியை அடிவாரத்திலிருந்தே வணங்கித் திரும்பினேன். மேலே ஏறுகிறவர்களைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை. மறு ஆண்டு, மருத்துவர் ஒப்புதலோடு, படிக்குப் படி நின்று ஏறினேன்.

மூன்றாவதாக, மூச்சு. காலை மாலை சாமாயிகத்தில் அமரும்போது மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விட்டுப் பழகினேன். இது மாத்திரைக்கு மாற்று என்று எவரும் கொள்ள வேண்டா. மாத்திரை தன் வேலையைச் செய்ய, மனம் அதற்கு இடையூறு செய்யாதிருக்க உதவியது, அவ்வளவே.

நான்காவது, மறைக்காமை. இப்போது என் மாத்திரைப் பட்டியல் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. கணவருக்கும் மருமகளுக்கும் எது எதற்கென்று தெரியும். நெஞ்சு வலித்தால் அமர்ந்த நிலையில் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள மருத்துவர் தந்த மாத்திரை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். நெஞ்சு இறுக்கம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். பூசை முடியட்டும் என்றும் காத்திருக்கலாகாது.

மருத்துவரே மருந்தைக் குறைக்கும் காலமும் உண்டு. சென்ற ஆண்டு என் நாடி ஐம்பதுக்கும் கீழே இறங்கியபோது, அவரே மெட்டோபுரொலாலின் அளவைக் குறைத்தார். சில வாரங்களில், படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் லேசான படபடப்பு இருந்தது, பிறகு தணிந்தது. அவ்வாரங்களில் ஓடியாடும் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எந்த அடையாளம் இயல்பு, எது தோன்றினால் வர வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்தார். அதே மருந்தைக் குறைத்ததுதான்; ஒருமுறை மருத்துவமனையில் கிடந்தேன், மறுமுறை வீட்டில் அமர்ந்து அருங்கலச்செப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

இனி நம் நெறியைப் பற்றிச் சில சொற்கள். மருந்தை விட்டதை நான் தவம் என்று எண்ணினேன். நம் ஆகமம் அவ்வாறு சொல்கிறதா? தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளில் ‘சக்திதஸ் தபஸ்’ ஒன்று. ஆற்றலுக்கேற்ற தவம் என்பதே அதன் பொருள். தவம் என்று மட்டும் சொல்லாமல், ஆற்றலுக்கேற்ப என்று அளவு வைத்துச் சொன்னார்கள் நம் முன்னோர். புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்று, குறைத்துண்ணல் மற்றொன்று, சுவையைத் துறத்தல் இன்னொன்று. அகத்தவம் ஆறனுள் நூல் ஓதுதலும், நோயுற்ற துறவியர்க்குப் பணிசெய்தலும் அடங்கும். நோயாளிக்கு ஒரு கதவு அடைபட்டால் பதினொரு கதவுகள் திறந்தே இருக்கின்றன. நான் பதினொன்றையும் விட்டு அடைபட்ட ஒன்றையே முட்டிக்கொண்டிருந்தேன்.

சமந்தபத்திரர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். தீராப் பசிநோயால் வருந்திய அவர் சல்லேகனைக்கு ஒப்புதல் வேண்டியபோது, குருநாதர் மறுத்து, முதலில் நோயைத் தீர்த்துக்கொள்க என்று பணித்ததாக மரபு கூறும். துறவுக்கோலத்தையே சிறிது காலம் விலக்கி அவர் உடல் நலம் பெற்றார். பின் மீண்டும் நோன்பேற்றார். அந்த மாமுனிவர் தாமாக முடிவெடுக்கவில்லை, கேட்டார். மறுத்தபோது பணிந்தார். கேட்பதும் பணிவதும் மார்தவம், மறைக்காமை ஆர்ஜவம். நான் நோன்பைக் காப்பதாக எண்ணி இவ்விரண்டையும் இழந்தேன்.

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை ஒன்றாக வைத்த சமயம் நம்முடையது. கணிமேதாவியார் தம் நீதிநூலுக்கு மருந்தின் பெயரையே இட்டார். ஏலம் ஒன்று, இலவங்கம் இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று ஏலாதிச் சூரணத்துக்குப் பங்கு உண்டு. பங்கு மாறினால் அது ஏலாதி ஆகாது. மருந்து என்றாலே அளவும் முறையும்தான். தொடங்குவதற்கும் முறை உண்டு, நிறுத்துவதற்கும் உண்டு.

சில ஐயங்கள் நம்மவர்க்கே உரியவை. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நமக்கு, ‘இரவு உணவுக்குப் பின்’ என்று எழுதித் தரும் சீட்டு இடர்ப்பாடானது. அதைச் சொல்லுங்கள். பல மாத்திரைகளுக்கு நாளுக்கு ஒருமுறை விழுங்கும் நீடித்த செயற்பாட்டு வடிவம் உண்டு. எனக்கு அதுவே இப்போது நண்பகல் உணவோடு தரப்படுகிறது. அட்டார்வாஸ்டாட்டினை எந்த வேளையிலும் உட்கொள்ளலாம். நீடித்த வடிவ மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது என்பதையும் நினைவிற் கொள்க. மற்றொன்று, கேப்சூல் உறை. அது பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதை அறிந்த அன்றே மருந்தை விட்டவர்களை நான் அறிவேன். அவர்களின் அகிம்சை உணர்வை வணங்குகிறேன். ஆனால் விடும் முன் கேளுங்கள். அதே மருந்து மாத்திரை வடிவிலோ, தாவர உறையிலோ கிடைக்கக்கூடும். கிடைக்கும் வரை நிறுத்தாதீர்கள். தன்னுயிருக்கு இன்னா செய்வதும் இம்சையே.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு தசலட்சணத்துக்கு ஒரு மாதம் முன்பே, நோன்பேற்க விரும்புவோர்க்கென ஒரு மருத்துவ ஆலோசனை நாளை இவ்வாலயத்தில் நடத்துங்கள். நோன்புறுதி கொடுக்கும்போது, ‘நாள்தோறும் மருந்து உட்கொள்கிறீர்களா? மருத்துவரிடம் சொன்னீர்களா?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ‘மருந்து நீங்கலாக’ என்று உறுதி ஏற்பதை எவரும் குறைவாக எண்ணாத சூழலை உண்டாக்குங்கள். ஏனெனில் நான் மறைத்ததற்கு மருத்துவரிடம் இருந்த அச்சம் மட்டும் காரணமன்று. நோன்பில் குறை வைத்தாள் என்று நீங்கள் நினைப்பீர்களோ என்ற அச்சமும்தான். அதுவே ஔஷத தானத்தின் இன்றைய வடிவமாகட்டும்.

நிறைவாக, இந்நாளுக்குரிய கடமை. முன்வரிசையில் என் கணவர் அமர்ந்திருக்கிறார். அவரருகில் என் மருமகள். புடவைகளுக்கு அடியில் நான் மறைத்த மாத்திரைகள் உங்களிடமிருந்து மறைத்தவை. நாலாம் நாள் காலையில் நீங்கள் பட்ட அச்சத்துக்கு நானே காரணம். ஆர்ஜவ நாளில் என் சொற்பொழிவைக் கேட்ட இந்த அவைக்கும் சொல்கிறேன்: அன்று நான் பேசியது சரி, வாழ்ந்தது சரியன்று. மன, மொழி, மெய்களால் செய்த அப்பிழையைப் பொறுத்தருள்க.

உத்தம க்ஷமா. ஜெய் ஜினேந்திரா.